வன்னியில காட்டு யானை பாக்கிறதும் படம் எடுக்கிறதும்: திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்வியள்

குளக்கட்டில கமராவோட நிண்டா போறவாற ஆக்கள் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்தான், இப்ப வாட்ஸப்பிலயும் அதே கேள்வியள் வரத் தொடங்கிட்டுது. எங்கட பெடியள், யாழ்ப்பாணத்தில இருந்து வாறாக்கள், லீவுக்கு வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிற பிள்ளையள் எண்டு எல்லாரும் கேக்கினம், அதால ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். கேள்வியளை அவையள் கேட்ட மாதிரியே போட்டிருக்கு.

முதலே ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். உங்களைக் கண்டு யானை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிப்பாட்டினா நீங்கள் தேவைக்கு மேல கிட்டப் போட்டியள். கீழ வாற மறுமொழியளில முக்கால்வாசி இதில இருந்துதான் வருது.

அண்ணை, யானை பாக்கிறதெண்டா வன்னியில எந்த இடத்துக்குப் போகவேணும்?

வன்னியில யானை இல்லாத பக்கம் எண்டு சொல்லுறதுதான் கஷ்டம். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி, மாங்குளம், செட்டிகுளம், மடு எண்டு எல்லாப் பக்கமும் திரியுது. ஆனா இது சபாரி ஜீப் ஓடுற இடமில்லை, இஞ்ச யானை நிக்கிறது குளத்து அலைகரையில, வயல் ஓரத்தில, றோட்டுக் கரைப் பற்றையில. மடு வீதி எண்ட பேரில இருக்கிற காட்டை 2015இல தேசிய பூங்கா எண்டு அறிவிச்சவை, எண்டாலும் மின்னேரியா மாதிரி ரிக்கற் எடுத்து ஜீப்பில ஏறிப் போய்ப் பாக்கிற இடமா அதை நினைச்சுப் போகாதேங்கோ.

இதுவரைக்கும் காட்டு யானையைக் கிட்டப் பாக்காத ஆள் எண்டா நான் சொல்லுறது முதல் மின்னேரியா, கவுடுல்ல, இல்லாட்டி வில்பத்துவுக்குப் போங்கோ எண்டுதான். வவுனியாவில இருந்து மின்னேரியாவுக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலம். அங்க வாகனத்துக்குப் பழகின யானையளை ஆறுதலா இருந்து பாத்து, அது சும்மா நிக்கேக்க எப்பிடி இருக்கும் எண்டு கண்ணுக்குப் பழக்கிப்போட்டு வந்தா இஞ்சத்தை யானை எப்ப குழம்புது எண்டு கெதியா விளங்கும். எங்கட பக்கத்து யானை வெடி கேட்டு வளந்தது, மனிசரைக் கண்டா ஒண்டில் ஓடும், ஒண்டில் எதிர்த்து வரும். மின்னேரியாவில ஜீப்புக்குப் பக்கத்தில நிண்டு புல்லுத் திண்டதைப் பாத்துப்போட்டு இஞ்சையும் அப்பிடித்தான் எண்டு கணக்குப் போடக்குடாது.

எந்த மாசம் போனா வடிவாப் பாக்கலாம்?

ஆனியில இருந்து புரட்டாதி வரைக்கும். மழை இல்லாம குளம் வத்த வத்த அலைகரையில பச்சைப் புல்லு முளைக்கும், காட்டுக்குள்ள சின்ன மடு எல்லாம் காஞ்சு போயிடும், தண்ணிக்கும் புல்லுக்கும் ஒரே இடத்துக்குத்தான் வரவேணும். மின்னேரியாவில ஆவணி புரட்டாதியில நூற்றுக்கணக்கில சேருறதும் இதே காரணத்தாலதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டு விளிம்பால ஒண்டு ரெண்டாத் தலை காட்டத் தொடங்கும்.

மாரி தொடங்கினா எல்லா இடமும் தண்ணியும் பச்சையும், யானை பரந்துபோய் நிக்கும், காடும் அடர்த்தி, காண்கிறது குறைவு. தை மாசியில திரும்பக் காணுவியள், ஆனா அது காலபோக நெல்லு விளையிற நேரம், வயலுக்குக் கிட்ட. அந்த நேரத்துக்கு வேற கணக்கு இருக்கு, கீழ வயலைப் பற்றின கேள்வியில பாருங்கோ.

போன் மட்டும்தான் இருக்கு, காணுமோ? இல்லாட்டி என்ன கமரா வாங்கிறது?

தூரத்தில நிக்கிற யானைக் கூட்டம், குளம், பின்னால காடு, மேல வானம் எண்டு முழுக்காட்சியா எடுக்கப் போன் தாராளமாக் காணும். யானையை மட்டும் பெருசா எடுக்கிறன் எண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருப்பிச்சா சாந்து பூசின மாதிரித்தான் வரும், பேந்து அது காணாதெண்டு ஆள் கிட்டப் போவார், அதுதான் எனக்குப் பயம். போன்காறர் வீடியோ எடுங்கோ, நடத்தையைப் பாக்கிறதுக்குப் படத்தைவிட வீடியோ பிரயோசனம். ஒரு சாதாரணத் தூரக்கண்ணாடி வாங்கினா அதின்ர ஒரு கண்ணில போனை வைச்சும் எடுக்கலாம்.

கமரா வாங்கிறதெண்டா உடம்புக்குச் செலவழிக்கிற காசை லென்ஸில போடுங்கோ. பழைய செக்கன்ஹாண்ட் கனன், நிக்கொன் உடம்பும் 70-300 மில்லிமீற்றர் லென்ஸும் தொடங்கக் காணும், பிறகு காசு சேந்தா 100-400 இல்லாட்டி 150-600. யானை பெரிய மிருகம், குருவிக்குத் தேவையான அளவு லென்ஸ் அதுக்குத் தேவையில்லை. பெரிய லென்ஸ் தேவைப்படுறது ஒரே ஒரு காரணத்துக்குத்தான், நீங்கள் தள்ளி நிக்கிறதுக்கு.

உமி நிரப்பின ஒரு துணிப்பை கட்டாயம் கொண்டுபோங்கோ, வாகனக் கதவில போட்டு அதுக்கு மேல லென்ஸை வைச்சா ட்ரைபொட் தேவையில்லை. ஃபிளாஷை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

நடந்து போற ஆளுக்கு என்ர மறுமொழி, போகாதேங்கோ. தற்செயலா நூறு மீற்றருக்குள்ள கண்டாலே அது கிட்டத்தான், வந்த வழியால மெல்லப் பின்வாங்கிறதுதான் வேலை. வாகனத்தில எண்டா ஐம்பது மீற்றருக்கு உள்ள நீங்களாப் போகவேண்டாம், குட்டி நிண்டா இன்னும் தள்ளி. வாகனத்தின்ர முகம் வெளிய போற பக்கம் பாத்து நிக்கவேணும். எஞ்சினை நிப்பாட்டினாத்தான் ஆடாமல் படம் வரும், ஆனா சாவி கையில ஒருத்தர் ஸ்ரியரிங்கில இருக்கவேணும், எல்லாரும் கமராவோட பின்னுக்கு ஏறி நிக்கிறேல்லை.

யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில வரும். பற்றையும் முள்ளும் எங்களுக்குத்தான் தடை, அதுக்கில்லை. வளைஞ்சு வளைஞ்சு ஓடினா அதால திரும்பேலாது எண்டு சொல்லுவினம், அந்தக் கதையை நம்பி உயிரை வைக்காதேங்கோ.

நாங்கள் சத்தம் போடாமத்தான் நிண்டனாங்கள், எப்பிடி அதுக்குத் தெரிஞ்சது?

மணம். யானையின்ர கண் அவ்வளவு கூர்மையில்லை, சிவப்பும் பச்சையும் அதுக்குப் பெரிய வித்தியாசமாத் தெரியாது, ஆனா மூக்கு அப்பிடியில்லை. தும்பிக்கையை வளைச்சு நுனியை உங்கட பக்கம் தூக்கினா உங்களைக் கண்டுபிடிச்சிட்டுது. சென்ற், சோப்பு, சிகரட் எல்லாம் காத்தில போகும்.

அதால காத்து உங்கட முகத்தில அடிக்கிற மாதிரி நில்லுங்கோ. எங்கட இடத்தில இது லேசு, ஏனெண்டா காத்துக்குக் காலம் இருக்கு. வைகாசியில இருந்து சோளகம், தென்மேற்கால வீசும், அப்ப நீங்கள் யானைக்கு வடகிழக்கில நிக்கவேணும். விடிய வெள்ளன அந்த இடத்தில நிண்டா சூரியனும் உங்களுக்குப் பின்னால, காத்தும் முகத்தில, அதைவிட நல்ல நிலை கிடையாது. பின்னேரம் அதே இடத்தில நிண்டா வெளிச்சம் யானைக்குப் பின்னால வரும், அப்ப தோல், முகம் எண்டு தேடாம புழுதியையும் உருவத்தையும் எடுங்கோ. யானை குளிச்சு ஏறி மண்ணை அள்ளி முதுகில எறியேக்க அந்தப் புழுதி பின்வெளிச்சத்தில பொன்னா மின்னும், வன்னியில எடுக்கக்கூடிய படங்களில எனக்கு ஆகப் பிடிச்சது அதுதான். மாரியில வாடை வடகிழக்கால வரும், எல்லாத்தையும் மாத்திப் போடுங்கோ. கிளம்ப முன்னம் கொஞ்சப் புழுதியைக் கையால உதிர்த்துப் பாருங்கோ, குளத்தடியில சில நேரம் காத்து சுழண்டு மாறும்.

காதை ஆட்டிக்கொண்டு நிண்டா கோவமோ?

இல்லை, அது ஆறுதலா நிக்கிறதுக்கு அடையாளம். காதுக்குள்ள ஓடுற ரத்தத்தைக் குளிராக்கிறதுக்குத்தான் ஆட்டுது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டம் நிக்கிற நேரம். காது ரெண்டும் அசையாம, வாயில புல்லு அரைபடாம, வாலும் நிண்டு ஒரு யானை சிலை மாதிரி நிண்டா அது கேட்டுக்கொண்டு நிக்குது. உங்களையோ வேறதையோ தெரியாது, ஆனா ஏதோ ஒண்டு அதின்ர மனசில ஏறிட்டுது.

அடுத்தது, செய்யத் தேவையில்லாத வேலை செய்யும். ஒரு முன்னங்காலைத் தூக்கி ஆட்டும், தும்பிக்கையால தன்ர முகத்தைத் தொடும், நுனியை வாய்க்குள்ள வைக்கும், புல்லைப் பிடுங்கித் தின்னாம வைச்சுக்கொண்டு நிக்கும். பாக்கிறாக்கள் விளையாடுது எண்டு சந்தோசப்படுவினம், ஆனா அது என்ன செய்யிறதெண்டு தெரியாம நிக்கிற நேரம். அப்பவே வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தா பிரச்சினை அதோட முடிஞ்சுது. தலையை உயர்த்திக் காதை விரிச்சு உங்கட பக்கம் நேரா முகம் திருப்பினா, வாலும் விறைச்சுக்கொண்டு நிண்டா, படம் எடுக்கிற நேரம் முடிஞ்சுது.

சும்மா வெருட்டுறதோ உண்மையா வாறதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பொதுவா வெருட்ட வாறது காதை அகல விரிச்சு, பிளிறி, புழுதி கிளப்பி ஓடிவந்து கொஞ்சத் தூரத்தில நிக்கும். அடிக்க வாறது காதைப் பின்னுக்கு ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி உள்ள எடுத்து, தலையைப் பதிச்சு, பெரும்பாலும் சத்தமில்லாம வரும். தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லம்தான், ஆனா வெருட்டித் தொடங்கினது உண்மையா முடிஞ்சதும் இருக்கு, அதால இதைப் பாத்து நிக்கிறதோ போறதோ எண்டு முடிவெடுக்காதேங்கோ. ரெண்டிலயும் நீங்கள் செய்யிறது ஒண்டுதான், இடத்தை விடுறது. கோண் அடிக்கக்குடாது, எஞ்சினை உறுமவிடக்குடாது, லைற்றை மின்னிக் காட்டக்குடாது.

மதம் பிடிச்சதெண்டு எப்பிடித் தெரியும்? கண்ணால தண்ணி வடிஞ்சா அழுகுது எண்டு சொல்லினமே?

அது கண்ணீர் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில ஒரு சுரப்பி இருக்கு, வளந்த ஆண் யானைக்கு மதம் வரேக்க அது வீங்கி எண்ணெய் மாதிரி ஒரு நீர் கன்னத்தால வடியும், கறுப்புக் கோடாத் தெரியும். மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் உள்பக்கம் ஈரம், தூரத்திலயே ஒரு காரமான மணம். தூர லென்ஸ் இருந்தா முதல் கன்னத்தைப் பாத்துப் பழகுங்கோ.

மதம் வருத்தமில்லை, வெறியுமில்லை. நல்லாச் சாப்பிட்டு நல்ல உடம்போட இருக்கிற ஆணுக்கு வாறது, கிழமைக் கணக்கில இருந்து மாசக் கணக்கு வரைக்கும் நிக்கும், அந்த நேரம் பெண் யானையளைத் தேடி நீண்ட தூரம் நடக்கும். ஆனா பொறுமை குறைவு, மற்ற நாளில விலத்திப் போற யானை அண்டைக்கு விலத்தாது. கன்னத்தில கோடு கண்டா நான் மேல சொன்ன தூரத்தை ரெண்டு மடங்காக்குங்கோ.

கொம்பு இல்லாட்டிப் பெண் யானைதானே?

இலங்கையில இந்தக் கணக்குச் சரிவராது. இஞ்சத்தை ஆண் யானை நூறில பத்துக்கும் குறைவானதுக்குத்தான் தந்தம் இருக்கு, மற்றதெல்லாம் கொம்பில்லாத அலியன். இந்தியாவில எடுத்த படங்களைப் பாத்துப் பழகினாக்கள் இதிலதான் பிழைவிடுவினம். ஆணெண்டா நெத்தியும் தும்பிக்கை தொடங்கிற இடமும் அகலமா, முட்டிக்கொண்டு நிக்கும், வாலுக்குக் கீழயும் ஒரு புடைப்பு இருக்கும். பெண்ணுக்கு முன்னங்கால் ரெண்டுக்கும் இடையில முலை இருக்கும், குட்டி வைச்சிருந்தா வடிவாத் தெரியும். குட்டி தும்பிக்கையை மேல தூக்கிப்போட்டு வாயாலதான் பால் குடிக்கும்.

தனியா நிண்டா ஆண், கூட்டமா நிண்டா பெண்ணும் குட்டியளும், அது ஓரளவுக்குச் சரி. ஆண் குட்டி பத்துப் பதினைஞ்சு வயசில தாயின்ர கூட்டத்தை விட்டிட்டுப் போயிடும், பிறகு தனியாவோ ரெண்டு மூண்டு ஆணாச் சேந்தோ திரியும். தாயின்ர வயித்துக்குக் கீழால நடக்கக்கூடிய உயரத்தில குட்டி இருந்தா அதுக்கு ஒரு வயசு ஆகேல்லை.

எல்லா யானையும் ஒரே மாதிரித்தானே இருக்கு, எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுறியள்?

காதைப் பாருங்கோ. காதின்ர மேல்மடிப்பு முன்னுக்கு விழுந்திருக்கோ பின்னுக்கோ, ஓரத்தில எங்க கிழிஞ்சிருக்கு, எங்க ஓட்டை, எங்க ரோசாப்பூ நிறத்தில புள்ளி. ஒரு காது மட்டும் காணாது, ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுக்கவேணும். பிறகு வால், அது நேரா இருக்கோ முறிஞ்சிருக்கோ, நுனி மயிர் ரெண்டு பக்கமும் இருக்கோ. நிறத்தை நம்பாதேங்கோ, செம்மண்ணில குளிச்சா சிவப்பு, குளத்துச் சேத்தில உருண்டா கறுப்பு, அடுத்த மழையில ரெண்டும் போயிடும்.

ஒரு கொப்பி வைச்சு யானைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் காதைக் கீறி வையுங்கோ, திகதியும் எழுதுங்கோ. வடிவான படத்தைவிட இந்தக் கொப்பி பெறுமதி எண்டு நான் உண்மையா நினைக்கிறன். எந்தப் பெண் எந்தப் பெண்ணோட திரியுது, எந்தக் குட்டி தப்பிச்சுது எண்டு வருசக் கணக்கில தெரியவரும். அடித்தடம் கண்டா அதையும் அளவுங்கோ, முன்னங்கால் தடம் வட்டமா இருக்கும், அதின்ர சுத்தளவை ரெண்டால பெருக்கினா தோள் உயரம் கிட்டத்தட்ட வரும்.

நான் எடுத்தா யானை கறுப்புக் கட்டியா வருது, இல்லாட்டி வெளிறிப் போகுது. ஏன்?

கமரா எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கத்தான் பாக்கும். நனைஞ்ச கறுத்த யானை படம் முழுக்க நிறைஞ்சிருந்தா இருட்டு எண்டு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டிப்போடும், வெளிறும், அப்ப எக்ஸ்போஷரை, அதாவது கமராவுக்குள்ள போற வெளிச்சத்தை, ஒரு முக்கால் ஸ்ரொப் குறையுங்கோ (ஸ்ரொப் எண்டது அந்த வெளிச்சத்தை அளக்கிற படி). அதே யானை சின்னனா, பின்னால மினுங்கிற குளத்துத் தண்ணியோட நிண்டா கமரா தண்ணியைப் பாத்துக் குறைச்சுப்போடும், கட்டியா வரும், அப்ப ஒரு ஸ்ரொப் கூட்டுங்கோ. றோவில, அதாவது கமரா தான் திருத்தாமச் சேமிக்கிற கோப்பில, எடுத்தா பிறகு திருத்த இடமிருக்கும்.

நிண்டு புல்லுத் தின்னிற யானைக்கு ஷட்டர் ஐந்நூறில ஒரு செக்கன் திறந்தாக் காணும். தண்ணி அடிக்க, மண் எறிய, காலால புல்லை உதைச்சுப் பிடுங்கிக் காலில அடிச்சு மண் தட்ட, அதுக்கெல்லாம் ஆயிரத்தில ஒண்டு. பொழுதுபட ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின்ர வெளிச்ச உணர்வை, 3200 வரைக்கும் ஏத்தப் பயப்பிடாதேங்கோ, புள்ளி விழுந்த கூர்மையான படம் ஆடிப்போன படத்தைவிடத் திறம். பத்து மணிக்குப் பிறகு காஞ்ச அலைகரையில வெக்கை ஆவி எழும்பும், தூரத்து யானை எல்லாம் நெளிஞ்சு தெரியும், எந்த லென்ஸாலயும் அதுக்கு மருந்தில்லை. அந்த நேரம் கமராவை மூடிப்போட்டு இருந்து பாருங்கோ.

கூட்டம் நல்லா நிண்டுகொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை, திடீரெண்டு எல்லாம் ஒண்டாத் திரும்பிக் காட்டுக்க போட்டுது. என்ன நடந்தது?

சத்தம் இருந்திருக்கும், உங்கட காதுக்குக் கேட்டிருக்காது. யானை எங்கட காதுக்கு எட்டாத அடிக்குரலில கதைக்கும், இதை 1984இல கேற்றி பெயின் எண்ட அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர் அங்க ஒரு மிருகக்காட்சிச்சாலையில ஆசிய யானையளிட்டத்தான் கண்டுபிடிச்சவ. கிலோமீற்றர் கணக்கில போகக்கூடிய குரல் அது. மேல சொன்ன சிலை மாதிரி நிக்கிறதும் பல நேரம் இதுக்குத்தான், எல்லாம் ஒரே நேரம் நிண்டு கேட்டு, பிறகு ஒரு கிழவி முதல் திரும்ப மற்றது பின்னால போகும். எந்தப் பெண் முதல் திரும்பினவ எண்டு கொப்பியில எழுதுங்கோ.

இரவு மோட்டச்சைக்கிளில வரேக்க நடு றோட்டில யானை நிண்டா?

மாங்குளம் முல்லைத்தீவு றோட்டால இரவில வாறாக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி, படத்தோட சம்பந்தமில்லாட்டியும் எழுதிறன். கண்ட இடத்திலயே நில்லுங்கோ, எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ, லைற்றைப் பதிச்சு விடுங்கோ, மெல்லத் திருப்பி வந்த பக்கம் போங்கோ. பக்கத்தால வெட்டிக்கொண்டு போயிடலாம் எண்டுதான் கனபேர் அடிவாங்கினது. ஒண்டு கடந்து போனா எல்லாம் போட்டுது எண்டு நினைக்காதேங்கோ, குட்டி பின்னால வரும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில போய் நிக்கிறதைப் போல ஆபத்து வேற இல்லை. பின்னால பஸ்ஸோ லொறியோ வரும்வரைக்கும் பொறுங்கோ. போனை எடுக்காதேங்கோ.

வாழைப்பழம் எறிஞ்சா கிட்ட வரும்தானே, அப்ப நல்ல படம் எடுக்கலாமெல்லே?

வரும், அதுதான் கூடாது. புத்தல கதிர்காமம் றோட்டில போனாக்களுக்குத் தெரியும், அங்க யானை வாகனத்தை மறிச்சு யன்னலுக்க தும்பிக்கையை விடுது, ஆக்கள் எறிஞ்சு எறிஞ்சு பழக்கினது. இஞ்ச ஒரு யானை அப்பிடிப் பழகினா அடுத்ததா அது போறது ஒரு வீட்டுக் கோடிக்கு, பிறகு நெல்லுமூட்டை வைச்ச அறைச் சுவருக்கு. சாப்பாட்டுப் பையையும் பொலித்தீனையும் அலைகரையில விட்டிட்டு வாறதும் இதே குற்றம்தான், அம்பாறைப் பக்கம் குப்பைமேட்டில பிளாஸ்ரிக் திண்டு யானை செத்தது எல்லாரும் அறிஞ்ச கதை.

ட்ரோன் விட்டா தள்ளி நிண்டே எடுக்கலாமே?

நீங்கள் தள்ளி நிப்பியள், ட்ரோன் தள்ளி நிக்காது. அந்த இரைச்சல் யானைக்குத் தேனீக்கூட்டம் வாற மாதிரி, குட்டியைச் சுத்திக்கொண்டு ஓடத் தொடங்கும். சட்டமும் இருக்கு, ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதியவேணும், தேசிய பூங்காவுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமப் பறக்கவிடேலாது. எங்கட பக்கம் ராணுவ முகாமுகளும் கன இடத்தில இருக்கு, தெரியாம அதுக்கு மேலால போனா வாற கரைச்சல் வேற.

காட்டுக்குள்ள நடந்து போய் எடுத்தா இயற்கையா இருக்குமெல்லே? எங்கட அப்பா எல்லாம் தேன் எடுக்கப் போனவர்தானே.

அப்பா போனது அவருக்குக் கைவந்த காடு, லத்தியைத் தொட்டுச் சூடு பாத்து யானை எவ்வளவு முன்னம் போனதெண்டு சொல்லுற ஆக்கள் அவையள். இண்டைக்கு அதோட இன்னும் மூண்டு விசயம் சேந்திருக்கு. முதலாவது கண்ணிவெடி, அகற்றுற வேலை நடந்துகொண்டிருக்கிற இடங்கள் இன்னும் இருக்கு, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டா ஒரு அடி கூட உள்ள வைக்காதேங்கோ. ரெண்டாவது கட்டுத்துவக்கு, மான், பண்டிக்கு ஆரோ கட்டினது உங்கட காலுக்கும் வெடிக்கும். மூண்டாவது வயல் ஓரத்தில வீட்டுக் கறண்டை நேரா இழுத்த கள்ளக் கம்பி, இருட்டில தெரியாது.

இதுக்கு மேல கரடி, அதுக்கு யானையைவிட நான் பயம். ஒதுக்கக் காட்டுக்குள்ள அனுமதியில்லாமப் போறதும் சட்டப்படி பிழை. குளக்கட்டு, றோட்டு, வாகனம், இது மூண்டும் காணும். குளக்கட்டு உயரம் வேற, நீங்கள் மேல, யானை அலைகரையில, நடுவில தண்ணி, இதைவிட என்ன வேணும்.

யானை இப்ப வயலுக்க நிக்குது, கெதியா வாங்கோ எண்டு கோல் எடுத்தவை. போய் எடுக்கலாமோ?

நான் போறேல்லை, நீங்களும் போகாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். அந்த நேரம் அங்க ஒரு கமக்காரர் பரணில நித்திரை முழிச்சு, யானை வெடியும் தீப்பந்தமும் வைச்சுக்கொண்டு ஒரு போகத்தின்ர உழைப்பைக் காப்பாத்த நிக்கிறார், அடகு வைச்ச நகை அந்த வயலுக்க நிக்குது. நாங்கள் லைற்றடிச்சுக்கொண்டு ஒரு பக்கத்தால போய் நிண்டா யானை அந்தப் பக்கத்தால வெளிய போகாது, திரும்பி வயலுக்குள்ளதான் ஓடும். பின்னேரம் அலைகரையில ஒரு யானையைக் குழப்பி விட்டாலும் இதேதான், கலைபட்ட யானை அண்டிரவு எங்க போகும் எண்டு யோசியுங்கோ.

விடிஞ்சாப் பிறகு போங்கோ, கமக்காரரிட்டக் கேட்டு அழிவைப் படமெடுத்துக் குடுங்கோ. நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஊடாப் போகேக்க திகதியோட தெளிவான படம் இருந்தா அவருக்கு உதவி. கமரா வைச்சிருக்கிற ஆள் ஊருக்குச் செய்யக்கூடியது அது.

முந்தி இவ்வளவு யானை ஊருக்க வாறேல்லையே? ஆரோ லொறியில கொண்டுவந்து இறக்கினம் எண்டு சொல்லினம்.

பிரச்சினை தந்த யானையைப் பிடிச்சு வேற காட்டில கொண்டுபோய் விடுறது நாட்டில நடக்கிறதுதான், அப்பிடி விட்ட யானை பல நேரம் திரும்ப வெளிக்கிட்டு நடக்கிறதும் உண்மை. ஆனா வன்னிக்கு யானை புதுசில்லை, வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக் குடுத்ததே யானைதான். சண்டைக் காலத்தில சனம் இல்லாத வயலும் ஊரும் பற்றை பத்திப்போச்சு, யானைக்கு அது நல்ல சாப்பாடு, ஏனெண்டா யானைக்குப் பெருங்காட்டைவிட இளம் பற்றையும் புல்லும்தான் விருப்பம். சனம் திரும்பி வந்து வெட்டித் துப்பரவாக்கேக்க யானை அங்கதான் நிண்டது.

2011 கணக்கெடுப்பில இலங்கை முழுக்க 5,879 யானை. யானை திரியிற நிலத்தில கிட்டத்தட்ட 70 வீதம் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியதான் இருக்கு, அதால எல்லாத்தையும் பூங்காவுக்க கலைச்சு வேலி போட்டா முடிஞ்சுது எண்ட கதை சரிவராது. பிரித்திவிராஜ் பெர்னாண்டோ எண்ட ஆராய்ச்சியாளர் கனகாலமாச் சொல்லுறது, மின்வேலியைக் காட்டின்ர எல்லையில போடாம ஊரைச் சுத்தியும் வயலைச் சுத்தியும் போடவேணும், வயல் வேலியை விதைச்சாப் பிறகு போட்டு அறுவடை முடியக் கழட்டவேணும் எண்டு. எனக்கு அதுதான் நியாயமாப் படுது. 2023இல மட்டும் நாட்டில 400க்கு மேல யானையும் 150க்கு மேல மனிசரும் செத்தது, இப்பிடியே விடேலாது.

காயப்பட்ட யானை ஒண்டைக் கண்டா? படம் எடுக்கிறதோ ஆருக்கும் சொல்லுறதோ?

ரெண்டும், சொல்லுறது முதல். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட இலக்கம் இருக்கு. இடம், நேரம், எந்தக் காலை நொண்டுது, எந்தப் பக்கம் போகுது எண்டு சொல்லுங்கோ, தூர லென்ஸால எடுத்த படம் மிருக வைத்தியருக்குப் பிரயோசனப்படும். வாயில சீழ் வடிஞ்சு, தாடை தொங்கி, தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு தின்னாம இருந்தா அது பெரும்பாலும் வாய்வெடி, சாப்பாட்டுக்குள்ள வைச்ச வெடியைக் கடிச்சது. அது நாள் கணக்கில பட்டினி கிடந்துதான் சாகும், கெதியாச் சொன்னாத்தான் ஏதாவது செய்யலாம். நோவோட நிக்கிற யானை எப்ப என்ன செய்யும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது, கிட்ட நிண்டு பாவம் பாக்க வேண்டாம், ஊர்ச்சனத்தையும் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ.

செத்த யானைக்குப் பக்கத்திலயும் இதே கவனம் வேணும். மற்ற யானையள் வந்து தும்பிக்கையால தடவி, மணந்து, கனநேரம் சத்தமில்லாம நிக்கும், போய்த் திரும்பியும் வரும். அந்த நேரம் அதுகளைக் கலைச்சுப்போட்டு உடம்புக்குப் பக்கத்தில நிண்டு செல்ஃபி எடுக்கிற ஆக்களைப் பாத்தா எனக்குச் சரியான கோவம் வாறது.

நல்ல கொம்பன் ஒண்டு எடுத்திருக்கிறன். பேஸ்புக்கில போடலாமோ?

போடுங்கோ, இடத்தைப் போடாதேங்கோ. தந்தம் உள்ளது எவ்வளவு குறைவெண்டு மேல சொல்லியிருக்கு, அதைத் தேடுற ஆக்களும் பேஸ்புக் பாக்கினம். குளத்தின்ர பேர், கிட்டடி ஊர், துருசு, கோயில் கோபுரம், கிலோமீற்றர்க் கட்டை ஒண்டும் படத்தில தெரியக்குடாது. போனில லொக்கேஷனை நிப்பாட்டிப்போட்டு எடுங்கோ, ஏனெண்டா படத்தை அப்பிடியே அனுப்பினா ஜீபிஎஸ் விபரமும் சேந்து போகும், வாட்ஸப்பில டொக்யூமன்ற் எண்டு அனுப்பினா அது அழியிறேல்லை. எடுத்த அண்டைக்கே போடாம ரெண்டு மூண்டு கிழமை பொறுத்துப் போடுங்கோ, அதுக்குள்ள யானை வேற பக்கம் போயிருக்கும்.

கொமன்ற்றில எந்த இடம் எண்டு கட்டாயம் கேப்பினம். வன்னி எண்டு மட்டும் சொல்லுங்கோ.